விஞ்ஞானியிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

நான் விஞ்ஞானி இல்லை. படித்தது வணிகவியல், பிழைப்பு கணக்குத் தணிக்கை. அதற்கு நடுவே உயிரித் தொழில்நுட்பம், பரிணாமம், செயற்கை நுண்ணறிவு ஆகிய துறைகளில் வேலை செய்கிறவர்களோடு பேசி, ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கிக் கொண்டிருக்கிறேன். "நானும் ஒரு விஞ்ஞானியைப் பேட்டி எடுக்கப் போகிறேன், என்ன கேட்கட்டும்?" என்று அவ்வப்போது யாராவது எழுதிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போடுவதைவிட மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்த மூன்று துறைகளைப் பற்றியும் எல்லோருக்கும் ஏதோ ஒரு கருத்து உண்டு. மரபணு மாற்றம் ஆபத்தா, குரங்கிலிருந்தா வந்தோம், இயந்திரம் வேலையைப் பறிக்குமா என்று யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் வரும். விஞ்ஞானியிடம் கேட்டால் அவரும் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுப் போவார். அதற்கு அவர் எதற்கு? தான் சொல்வது தனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அவரிடம் மட்டும் இருக்கிற சரக்கு. அதனால் நான் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் ஓடும்: இதில் அளந்தது எவ்வளவு, அளந்ததை வைத்து ஊகித்தது எவ்வளவு, நடந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை எவ்வளவு? மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். யாரும் ஏமாற்றப் பார்ப்பதில்லை; தன் வேலையை நேசிக்கிறவர் பேச்சு அப்படித்தான் இருக்கும். பிரித்தெடுப்பது கேட்கிறவர் பொறுப்பு.

பேசுவதற்கு முன்

அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படியுங்கள். பத்துக் கட்டுரைகளின் சுருக்கத்தை மேய்வதைவிட ஒன்றைக் கரைத்துக் குடிப்பது மேல். தணிக்கைக்காரர்கள் ஒரு நிறுவனத்தின் லாபத் தொகையைப் பார்க்கும் முன் ஆண்டறிக்கையின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளைப் படிப்பார்கள். ஆய்வுக் கட்டுரையையும் நான் அப்படித்தான் பின்னாலிருந்து படிக்கிறேன். முதலில் நிதி யார் கொடுத்தார்கள், நலன் முரண்பாடு உண்டா என்கிற பத்தி. பிறகு செய்முறைப் பகுதி. அப்புறம் படங்களும் அட்டவணைகளும். சுருக்கம் கடைசியில்தான். சுருக்கத்தை முதலில் படித்தால் ஆசிரியர் நம்மை எங்கே கூட்டிப்போக நினைக்கிறாரோ அங்கேயே போய் நின்றுவிடுவோம்.

செய்முறைப் பகுதியில் பாதி புரியாது. பரவாயில்லை. எத்தனை பேர், எத்தனை எலி, எத்தனை நாள், எதோடு ஒப்பிட்டார்கள் என்கிற எண்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விகளில் பாதி அந்தத் தாளிலிருந்தே கிடைக்கும். சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வு முடிந்து இதழில் வந்த கட்டுரையா, அதற்கு முன்பே வலையில் போட்ட பிரதியா என்பதையும் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுத் துறையில் வலைப்பிரதியே பெரும்பாலும் முதன்மைப் புழக்கம். அது குற்றமில்லை, ஆனால் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

நேரம் கேட்டு அனுப்பும் மின்னஞ்சல் ஐந்தாறு வரிக்கு மேல் போக வேண்டாம். "உங்கள் ஆய்வைப் பற்றி அறிய ஆவல்" என்று எழுதினால் அது நூறு அஞ்சல்களுக்கு அடியில் போய்விடும். நான் இப்படி எழுதுவேன்: "உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில், எட்டாவது வாரத்துக்குப் பிறகு இரண்டு கோடுகளும் நெருங்கி வருகின்றன. அதற்குக் காரணம் என்ன என்று கட்டுரையில் இல்லை. அதைப் பற்றியும் உங்கள் அன்றாட வேலையைப் பற்றியும் 45 நிமிடம் பேச முடியுமா? ஒலிப்பதிவு செய்வேன், உங்கள் மேற்கோள்களை வெளியிடும் முன் அனுப்பிக் காட்டுவேன்." படத்தைப் பார்த்தவர் என்று தெரிந்ததும் பதில் வந்துவிடுகிறது. மாணவர்களும் முதுமுனைவர் ஆய்வாளர்களும்தான் சோதனையைக் கையால் செய்தவர்கள் என்பதையும் மறக்காதீர்கள். கட்டுரையில் முதல் பெயராக இருப்பவருக்கு எழுதுங்கள். ஆய்வகத் தலைவர் விமானத்தில் இருப்பார்.

முதல் கேள்வி

"உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்" என்று தொடங்காதீர்கள். மனப்பாடம் செய்த சுயவிவரம் வரும், குரலும் மேடைக் குரலாக மாறிவிடும். அறிமுகத்தை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

நான் கேட்பது: "காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" ஒரு நுண்ணுயிரியல் ஆய்வாளர் யோசிக்காமல் சொன்னார், "ஃப்ரீசர் கதவில் இருக்கிற எண்ணை. தோளில் பை இருக்கும்போதே பார்த்துவிடுவேன். மைனஸ் 80 இருந்தால்தான் பையைக் கீழே வைப்பேன்." அங்கிருந்து உறைந்த மாதிரிகள் ஏன் அவ்வளவு முக்கியம், அவை கெட்டால் என்னென்ன போகும், மாற்று ஃப்ரீசர் எங்கே இருக்கிறது என்று பேச்சு தானாகவே ஓடியது. கணினியில் வேலை செய்கிறவர் என்றால், "இரவு ஓடவிட்ட பயிற்சி காலையில் சரியாகப் போயிருக்கிறதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?" கருவியிலிருந்து தொடங்கினால் கருத்துக்கு இறங்கிப் போகலாம். கருத்திலிருந்து தொடங்கியவர்களைக் கருவிக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

"பாட்டிக்கும் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அதைக் கேட்டதும் அவர் ஒரு உவமையைக் கையில் கொடுத்துவிட்டுத் தப்பித்துவிடுவார். "பக்கத்துத் துறையில் இருக்கும் நண்பருக்கு எப்படி விளக்குவீர்கள்?" என்று கேளுங்கள், அளவு சரியாக இருக்கும். உவமை வந்தே தீரும் என்றால் வரட்டும். உடனே, "இந்த உவமை எந்த இடத்தில் தப்பாகப் போகும்?" என்று கேட்டுவிடுங்கள். டிஎன்ஏவை வேண்டிய இடத்தில் வெட்டும் கருவியான கிரிஸ்பரை மரபணுக் கத்தரிக்கோல் என்கிறார்கள். சரி, கத்தரிக்கோல் வெட்டும். வெட்டிய இடத்தை ஒட்டுவது யார்? செல்லே தன்னிடம் உள்ள பழுதுபார்க்கும் ஏற்பாட்டை வைத்து ஒட்டுகிறது. அவசரத்தில் ஒட்டும்போது டிஎன்ஏவின் ஓரிரு எழுத்து விடுபடும், அல்லது கூடுதலாகச் சேரும். பல சமயம் அந்தப் பிழையைத்தான் விஞ்ஞானி பயன்படுத்திக்கொள்கிறார். உவமை முறியும் இடத்தைக் கேட்டதால் கிடைத்த விளக்கம் இது.

உயிரித் தொழில்நுட்பம்: வகுக்கும் எண் எங்கே?

இந்தத் துறையில் வெற்றிச் செய்திகள் விழுக்காட்டில் வரும். விழுக்காடு வந்தால் எத்தனை பேரில் என்று கேட்பது என் தொழில் புத்தி.

அரிவாள் செல் நோய்க்கான (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து கடும் வலி தரும் பரம்பரை நோய்) கேஸ்ஜெவி என்ற சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்பரைக் கொண்டு உருவாக்கி ஒப்புதல் பெற்ற முதல் மருத்துவம். 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்க ஒப்புதலின்போது வெளியான வெற்றி விகிதம் 93.5 விழுக்காடு. கேட்டதும் கைதட்டத் தோன்றும். எண்களைப் பிரித்துப் பார்த்தால், சிகிச்சை பெற்றவர்கள் 44 பேர். அவர்களில் போதிய காலம் கண்காணிப்பில் இருந்தவர்கள் 31 பேர். அந்த 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதங்களாவது கடுமையான வலி நெருக்கடி வரவில்லை. 29-ஐ 31-ஆல் வகுத்தால் 93.5. மீதி 13 பேர் தோற்றவர்கள் அல்ல. கணக்கில் சேர்க்கும் அளவுக்கு நாள் ஆகாதவர்கள். இதில் மோசடி எதுவும் இல்லை, நேர்மையான கணக்குதான். ஆனாலும் "31 எப்படி வந்தது?" என்று நீங்கள் கேட்டால்தான் வாசகருக்கு இது எவ்வளவு சிறிய கூட்டம், எவ்வளவு குறைந்த காலம் என்பது தெரியும். அடுத்த கேள்வியும் அதிலேயே இருக்கிறது: "இவர்களை இன்னும் எத்தனை ஆண்டுகள் பின்தொடரப் போகிறீர்கள்? எதைத் தேடி?"

இதே சிகிச்சையில் இன்னொரு பாடமும் உண்டு. அரிவாள் செல் நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது. ஆகவே அந்த எழுத்தைத்தான் திருத்துகிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். கேஸ்ஜெவி அந்த எழுத்தைத் தொடுவதே இல்லை. கருவில் இருந்தபோது நமக்கு வேறொரு வகை ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்த பிறகு அதன் உற்பத்தி அடங்கிவிடுகிறது. அடக்கி வைப்பதில் பங்குள்ள பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் இயக்கப் பகுதியை ரத்தச் செல்களில் குலைத்துவிட்டால் பழைய ஹீமோகுளோபின் திரும்ப வருகிறது. நோயாளியின் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்துத் திருத்தி, உள்ளே இருக்கும் எலும்பு மஜ்ஜையைக் கடுமையான கீமோதெரபியால் காலி செய்து, திருத்திய செல்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர்.

இதிலிருந்து எந்த மரபணுச் சிகிச்சைக்கும் பொருந்தும் நான்கு கேள்விகள் எனக்குக் கிடைத்தன. உண்மையில் எந்த இடத்தை மாற்றுகிறீர்கள்? மாற்றும் கருவி உடலுக்குள்ளே போகிறதா, செல் வெளியே வருகிறதா? இந்தச் சிகிச்சையில் நோயாளிக்கு மிகக் கடினமான நாள் எது? யாருக்கு இது கிடைக்காது? மூன்றாவது கேள்விக்கு மரபணு விஞ்ஞானிகள் சற்றுத் தடுமாறுவார்கள், ஏனென்றால் அந்த நாள் வெட்டும் நாள் இல்லை, கீமோ நாள். மருத்துவமனைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். தடுமாற்றமும் ஒரு தகவல்தான்.

காப்புரிமை, நிறுவனப் பங்கு பற்றிய கேள்வியைக் கடைசிவரை ஒளித்துவைத்துக் குண்டு போடுவதுபோல் கேட்காதீர்கள். நடுவில், மற்றக் கேள்விகளைப் போலவே சாதாரணமாகக் கேளுங்கள்: "இதில் உங்கள் பெயரில் காப்புரிமை உண்டா?" உண்டு என்றால் அவர் சொல்வது பொய் என்றாகிவிடாது. கிரிஸ்பர் கதையையே பாருங்கள். 1987இல் ஜப்பானில் யோஷிசுமி இஷினோ குழு ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் விசித்திரமான திரும்பத் திரும்ப வரும் வரிசைகளைப் பார்த்தது; கிரிஸ்பர் என்ற பெயர் பிற்பாடு அவற்றுக்குத்தான் வந்தது. ஸ்பெயினில் ஃபிரான்சிஸ்கோ மொஹீகா அவற்றை ஆண்டுக்கணக்காகத் துரத்தினார். 2012இல் ஜெனிஃபர் டௌட்னா, இமானுவேல் ஷார்பென்டியே குழு அந்த ஏற்பாட்டை நிரல் எழுதுவதுபோல் மாற்றி, வேண்டிய இடத்தில் டிஎன்ஏவை வெட்ட வைக்கலாம் என்று காட்டியது. 2020இல் இருவருக்கும் வேதியியல் நோபல். இதற்கிடையில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தரப்புக்கும் அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்துக்கும் நீண்ட காப்புரிமைச் சண்டை. இந்த வரலாற்றை யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கதை எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பது மாறும். "இந்தக் கதையை நீங்கள் எந்த ஆண்டிலிருந்து தொடங்குவீர்கள்?" என்று கேட்டாலே போதும், அவர் நிற்கும் பக்கம் தெரிந்துவிடும்.

பரிணாமம்: "எதற்காக" வேண்டாம்

பரிணாமம் பற்றிப் பேசும்போது நம் கேள்விகளில் நோக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். "இந்த உயிரினம் எதற்காக இப்படி மாறியது?" என்று கேட்டால், நல்ல விஞ்ஞானி முதலில் உங்கள் கேள்வியைத் திருத்துவதில் பத்து நிமிடம் செலவழிப்பார். "இந்த மாற்றம் எப்படிப் பரவியது, அப்போது வேறு என்ன இருந்தது?" என்று கேளுங்கள்.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் லென்ஸ்கியின் ஈ.கோலை சோதனை. 1988 பிப்ரவரியில் ஒரே மூதாதையிலிருந்து 12 குடுவைகளில் பாக்டீரியாவைத் தொடங்கிவைத்தார். தினமும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூற்றில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான், ஆனால் விடுமுறை நாளிலும் யாராவது செய்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஆறேழு தலைமுறை. ஒவ்வொரு 500 தலைமுறைக்கும் ஒரு மாதிரியை உறைய வைப்பார்கள். புதைபடிவம் கிடைக்கிறதா என்று மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. ஃப்ரீசரைத் திறந்து பழைய மூதாதையை உயிரோடு எழுப்பலாம்.

2003இல், சுமார் 33,000 தலைமுறைகள் கடந்த நிலையில், ஒரு குடுவை மட்டும் வழக்கத்தைவிடக் கலங்கலாக இருந்தது. முதலில் எழுந்த சந்தேகம், வெளியிலிருந்து வேறு கிருமி புகுந்துவிட்டதோ என்பது. சோதித்துப் பார்த்தால் அதே ஈ.கோலைதான். குடுவைக்குள் முதல் நாளிலிருந்தே இருந்த சிட்ரேட் என்ற பொருளை அது உண்ணத் தொடங்கியிருந்தது. ஆக்சிஜன் இருக்கும்போது சிட்ரேட்டை உண்ண முடியாதது ஈ.கோலையின் அடையாளங்களில் ஒன்று. அடுத்து அவர்கள் செய்ததைத்தான் உங்கள் கேள்விகளுக்கு முன்மாதிரியாகச் சொல்வேன். உறைந்த மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு தலைமுறைகளிலிருந்து மறுபடி ஓடவிட்டார்கள். அதே திறன் மீண்டும் வந்தது, ஆனால் சுமார் 20,000ஆம் தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளிலிருந்து மட்டும். அதாவது அதற்கு முன்பே ஏதோ ஒரு மாற்றம் வழி போட்டு வைத்திருந்தது. 2008இல் இது வெளியானது.

ஆக, பரிணாம ஆய்வாளரிடம் கேட்கத்தக்க மிக நல்ல கேள்வி: "இதைத் திரும்ப ஓடவிட்டால் இதே முடிவு வருமா? அதை எப்படிச் சோதிப்பீர்கள்?" பாக்டீரியா ஆள் நேராகப் பதில் சொல்வார். தொல்லுயிர் ஆய்வாளர் ஓடவிட முடியாது, அவரிடம், "எந்தப் பாறையில் எது கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். தொல்லுயிர் ஆய்வாளர் நீல் ஷுபின் குழு டிக்டாலிக் என்ற புதைபடிவத்தைத் தேடியது அப்படித்தான். மீனுக்கும் நிலத்தில் நடக்கும் நான்கு கால் உயிர்களுக்கும் இடைப்பட்ட ஒன்று இருந்திருந்தால், அது சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, ஆற்றுப் படுகை சார்ந்த பாறையில் கிடைக்க வேண்டும். அத்தகைய பாறை கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் இருந்தது. அங்கே போய் 2004இல் எடுத்தார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் தேடிய கதை என்பதால் இதைப் பற்றிப் பேச யாரும் சலிப்பதில்லை.

பரிணாமம் என்றால் முன்னேற்றம் என்கிற எண்ணம் வாசகர்களிடம் இருக்கும். அதை நீங்கள் விளக்கவுரை ஆற்றி நீக்க முடியாது, ஓர் உதாரணத்தை விஞ்ஞானி வாயால் சொல்ல வையுங்கள். காலாபகஸின் டாஃப்னி மேஜர் தீவில் பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதி 1973 முதல் குருவிகளை அளந்தார்கள். 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்துபோயின. கடினமான பெரிய விதையை உடைக்கும் பெரிய அலகுக்காரர்கள் அதிகம் பிழைத்தார்கள், அடுத்த தலைமுறை அலகும் பெருத்தது. 1983இல் எல் நினோ மழை கொட்டிச் சிறு விதைகள் பெருகின. அடுத்து வந்த ஆண்டுகளில் காற்று சிறிய அலகின் பக்கம் திரும்பியது. பெரிய அலகு முன்னேற்றம் என்றால் அது பத்தாண்டுக்குள் பின்னேற்றமாகிவிட்டது!

மதம் பற்றிக் கேட்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அவர் தானாக எடுத்தால் பேசுங்கள். நீங்களாக இழுத்துவிட்டால் மிச்ச நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும். ஃப்ரீசர் பக்கம் திரும்பவே முடியாது.

செயற்கை நுண்ணறிவு: தேர்வை வைத்தது யார்?

இங்கே சிக்கல் வேறு. உயிரியலாளர்கள் எச்சரிக்கையாகப் பேசிப் பழகியவர்கள். நாம்தான் தோண்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் பலர் பேட்டி கொடுத்துப் பழகியவர்கள். ஆசைப் பகுதி தாராளமாக வரும். ஒரு வசதிக்காகத் தொடக்கத்திலேயே, "நிறுவன ஒப்பந்தப்படி எதைப் பற்றி நீங்கள் பேச முடியாது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எல்லை தெரிந்தால் உள்ளே இருப்பதைப் பற்றித் தாராளமாகப் பேசுவார்.

பிறகு, "எங்கள் கருவி 95 மதிப்பெண் வாங்கியது" என்கிற பேச்சு வரும்போது மூன்று கேள்விகள். தேர்வை வைத்தது யார்? தேர்வுக் கேள்விகள் பயிற்சித் தரவில் ஏற்கெனவே இருந்திருக்க வாய்ப்பு உண்டா? அதே தேர்வை மனிதர் எழுதினால் எவ்வளவு வாங்குவார்?

இவற்றில் முதல் இரண்டுக்கும் நேர்த்தியான பதில் உள்ள உதாரணம் ஆல்ஃபாஃபோல்ட். ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையை வைத்து அதன் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் மென்பொருள் அது. கேஸ்ப் என்றொரு போட்டி 1994 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஆய்வகத்தில் வடிவம் கண்டறிந்த, ஆனால் இன்னும் வெளியிடாத புரதங்களின் வரிசையை மட்டும் போட்டியாளர்களுக்குக் கொடுப்பார்கள். விடை உலகத்தில் எங்கேயும் வெளியாகவில்லை; ஆகவே பார்த்து எழுத வழியில்லை. 2020இல் ஆல்ஃபாஃபோல்ட் அதில் நூற்றுக்கு 92.4 என்ற இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும்) மதிப்பெண் பெற்றது. 2024 வேதியியல் நோபலில் பாதி அதற்காக டெமிஸ் ஹஸாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. மறுபாதி புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு.

இதைப் பயன்படுத்தும் உயிரியலாளர் கிடைத்தால், திரையைப் பகிரச் சொல்லி அவருடைய புரதம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அடர்நீலத்தில் இருக்கும் பகுதிகள் மென்பொருள் உறுதியாக இருக்கும் இடம். ஆரஞ்சு நிறத்தில் நூலாகத் தொங்குபவை உறுதியில்லாத இடம். "அந்த ஆரஞ்சு நூலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாலே போதும். சில இடங்களில் மென்பொருளுக்குத் தெரியவில்லை. சில இடங்களில் அந்தப் புரதத்துக்கே நிலையான வடிவம் கிடையாது. அதை வேறுபடுத்த அவர் ஆய்வகத்தில் என்ன செய்கிறார் என்று கேட்டால், அளந்ததும் ஊகித்ததும் ஒரே திரையில் தனித்தனி நிறத்தில் கிடைக்கும். எல்லாத் துறையிலும் இப்படி நிறம் போட்டுக் கொடுத்தால் என் வேலை எவ்வளவு சுலபமாகியிருக்கும்!

எதிர்காலம் பற்றிய கணிப்பைத் தவிர்க்க முடியாது, வாசகர்கள் அதைத்தான் கேட்பார்கள். கேளுங்கள், ஆனால் ஆண்டோடும் அளவுகோலோடும் கேளுங்கள். 2016இல் ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்க்கும் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில், அல்லது பத்து ஆண்டுகளில், இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். அவர் 2024இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். துறையின் அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அந்த மருத்துவர்கள் ஐந்து ஆண்டு கழித்தும் வேலையில்தான் இருந்தார்கள். இயந்திரம் படத்தைப் பார்ப்பதில் தேறிக்கொண்டே வந்தது, ஆனால் அந்த மருத்துவரின் வேலை படத்தைப் பார்ப்பதோடு முடிவதில்லை. இந்த உதாரணத்தைக் கிண்டலுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஆண்டு சொன்னதால்தான் அந்தக் கணிப்பைச் சரிபார்க்க முடிந்தது. அது ஒரு நேர்மை. உங்களிடம் பேசுகிறவர் "விரைவில்" என்றால், "எந்த ஆண்டுக்குள்? எது நடந்தால் நீங்கள் சொன்னது சரி, எது நடக்காவிட்டால் தப்பு?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

"இயந்திரம் சிந்திக்கிறதா?" என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, "இது உங்களை ஆச்சரியப்படுத்திய ஒரு தவறைக் காட்டுங்கள்" என்பேன். வெற்றியின் ஆச்சரியத்தை எல்லோரும் சொல்வார்கள். தவறின் ஆச்சரியத்தில்தான் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதற்கான தடயம் இருக்கும்.

மூன்று துறைகளும் சந்திக்கும் ஆய்வுகள் இப்போது நிறைய. அங்கே எந்த வேலையைக் கணினி செய்தது, எதைக் குடுவையில் செய்தார்கள் என்று கோடு கிழித்துக்கொள்ளுங்கள். 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு ஹாலிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்டறிந்தது. சுமார் 2,500 மூலக்கூறுகளில் பழக்கிய கணினி, வேறு சுமார் 6,000 மூலக்கூறுகளிலிருந்து அதைச் சுட்டிக்காட்டியது. சுட்டியது கணினி, பாக்டீரியா சாகிறதா என்று தட்டிலும் எலியிலும் பார்த்தது மனிதர்கள். "செயற்கை நுண்ணறிவு மருந்து கண்டுபிடித்தது" என்ற தலைப்புக்கும் மருந்துக்கடைக்கும் இடையில் இன்னும் என்னென்ன படிகள் என்று கேட்டால், விஞ்ஞானியே விரல்விட்டு எண்ணிச் சொல்வார். சொல்லட்டும், இடைமறிக்காதீர்கள்.

"செய்யலாமா?" என்ற கேள்வி

ஒழுக்கம் சார்ந்த கேள்விகளை, "இது சரியா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் வழவழா பதில்தான் வரும். நடந்த ஒன்றை முன்னே வையுங்கள். 2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் கருவிலேயே மரபணு திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். ஹெச்ஐவி தொற்றாமல் இருக்க சிசிஆர்5 மரபணுவைக் குறிவைத்ததாகச் சொன்னார். அடுத்த ஆண்டு சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. "அந்தச் செய்தி வந்த அன்று உங்கள் ஆய்வகத்தில் என்ன பேசிக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். கொள்கை அறிக்கை வராது, ஆள் வருவார். வயதில் மூத்தவர் என்றால் 1975இல் அமெரிக்காவில் நடந்த அசிலோமர் மாநாட்டைப் பற்றிக் கேட்கலாம். மரபணு ஒட்டு வேலையைத் தாங்களே நிறுத்திவைத்து, விதிமுறை வகுக்க விஞ்ஞானிகள் கூடிய இடம். இன்று அப்படி ஒரு கூட்டம் போட்டால் யாரெல்லாம் உட்கார வேண்டும் என்ற கேள்விக்கு, செயற்கை நுண்ணறிவு ஆட்களும் உயிரியலாளர்களும் தரும் பதில்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. புரதம் தெரிந்தவர் பொருளாதாரம் பற்றிச் சொன்னால் அது ஒரு படித்த மனிதரின் கருத்து, அவ்வளவே. எழுதும்போது அதை அந்த இடத்தில் வையுங்கள்.

முடிக்கும்போதும் முடித்த பிறகும்

என் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நீங்கள் மதிக்கிற, ஆனால் இந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரைச் சொல்லுங்கள்." பெயர் வந்தால் அன்றைக்கே அவருக்கு எழுதிவிடுங்கள். "அப்படி யாரும் இல்லை" என்று பதில் வந்தால் அதையும் கட்டுரையில் சேர்க்கலாம்.

ஒலிப்பதிவை இரண்டு கருவியில் வையுங்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் நம்பிவிடாதீர்கள். "நிரூபிக்கவில்லை" என்பது "நிரூபித்தது" என்று வந்து நின்றால் கதையே தலைகீழ். எதிர்மறைச் சொல் வரும் இடம், எண் வரும் இடம், ஆட்பெயர் வரும் இடம் மூன்றையும் ஒலியைக் கேட்டே சரிபாருங்கள். லட்சமும் மில்லியனும் மாறிக்கொள்ளும் இடம் தனி. அங்கே கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப்படியை அச்சிட்டு மூன்று நிறப் பேனாவால் கோடு போடுவேன். அளந்தது நீலம், ஊகம் பச்சை, ஆசை சிவப்பு. சிவப்பே அதிகமாக இருந்தால் இன்னொரு சுற்றுப் பேச வேண்டும் என்று பொருள். மூன்று நிறமும் கட்டுரையில் வரலாம், ஆனால் சிவப்பை நீலம்போல் எழுதிவிடக் கூடாது. "குணப்படுத்தும்" என்பதற்கும் "31 பேரில் 29 பேருக்கு ஓராண்டு வலி நெருக்கடி வரவில்லை" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டாவது நீளம்தான், இருக்கட்டும்.

சொன்னபடி மேற்கோள்களை மட்டும் அனுப்பிக் காட்டுங்கள். முழுக் கட்டுரையை அனுப்பினால் பத்திரிகைச் செய்தியாக மாறித் திரும்பி வரும். உண்மைப் பிழையைத் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். "இதை இன்னும் கொஞ்சம் மென்மையாக" என்றால் ஏன் என்று கேளுங்கள். அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டதாக அவரே உணர்ந்திருந்தால் மாற்றலாம், நிறுவனம் சங்கடப்படும் என்பது மட்டும் காரணமானால் ஒலிப்பதிவில் உள்ளபடியே போடலாம். வெளியான பிறகு திருத்தம் வந்தால் கட்டுரையின் தலையில் தேதியோடு போடுங்கள், அடியில் அல்ல.